மக்கர் செய்யும் ட்யூப்லைட்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது எப்படி

ட்யூப்லைட் எரியவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது ட்யூபைத்தான். நீளமாகக் கண்ணெதிரே இருப்பது அதுதானே. புதிது வாங்கி மாட்டுவார்கள், அதுவும் எரியாது. அடுத்து, ட்யூபுக்குப் போகும் கரண்டைக் கட்டுக்குள் வைக்கும் சோக்கை மாற்றுவார்கள். கடைசியில், ட்யூபை எரியத் தொடங்கவைக்கும், கட்டைவிரல் அளவே இருக்கும் ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டதும் பளிச்சென்று எரியும். நானும் பழகாத காலத்தில் நல்ல ட்யூப் இரண்டைக் குப்பைக்கு அனுப்பியவன்தான். அதற்குப் பிறகு ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டேன்: காசு செலவில்லாத சோதனை முதலில், மலிவான பாகம் அடுத்து, சோக்கும் வயரிங்கும் கடைசியில்.

இந்த வரிசை செல்லாத இடம் ஒன்று உண்டு. புது ட்யூப் போட்ட கணத்தில் பளீரென மின்னிச் செத்துவிட்டால், இன்னொரு ட்யூபை மாட்டிப் பார்க்கவே கூடாது. கீழே அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

இங்கே வரும் எண்கள் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் ஓடும் நான்கடி ட்யூபுக்கானவை.

## கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயரில்) வைத்து வயரிங் செய்திருந்தால், விளக்கு அணைந்திருந்தாலும் பட்டிக்குள், அதாவது ட்யூபைத் தாங்கும் நீளச் சட்டத்துக்குள், ஃபேஸ் (கரண்டைக் கொண்டுவரும் பக்கம்) இருந்துகொண்டே இருக்கும். மெயினையோ அந்த அறைக்கான எம்.சி.பி.யையோ (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, டெஸ்டரால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அந்த டெஸ்டரையும் முதலில் கரண்ட் இருக்கும் வேறொரு பிளக்கில் வைத்து, அது ஒளிர்கிறதா என்று பாருங்கள். செத்த டெஸ்டர் "கரண்ட் இல்லை" என்று பொய் சொல்லும்.

ஆடாத ஏணி வேண்டும். ட்யூபைக் கழற்ற இரண்டு கையும் தேவைப்படும், பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. எரிந்துகொண்டிருந்த ட்யூபாக இருந்தால் ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். முனைகளும் சோக்கும் நன்றாகவே சுடும்.

பழைய பட்டிகளில் சோக்குக்குப் பக்கத்தில் டப்பா போல ஒரு கப்பாசிட்டர் இருக்கலாம். மெயினை இறக்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் முனைகளில் விரல் வைக்காதீர்கள்.

## முதல் கேள்வி: ஸ்டார்ட்டர் இருக்கிறதா?

பட்டியின் பக்கவாட்டிலோ நடுவிலோ உருளையாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் குப்பி செருகியிருந்தால் அது ஸ்டார்ட்டர். சோக்கும் கனமான இரும்புக் கட்டியாக இருக்கும். போட்டதும் இரண்டு மூன்று முறை சிமிட்டிவிட்டு எரிகிற பழைய வகை இது. புரிந்துகொள்ள நேரமெடுப்பவரை நாம் "ட்யூப்லைட்" என்று கிண்டல் செய்வதும் இந்த வகையால் வந்ததுதான்.

ஸ்டார்ட்டரே இல்லாமல், எடை குறைந்த நீள டப்பா ஒன்று மட்டும் உள்ளே இருந்தால் அது எலக்ட்ரானிக் சோக். அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது. அதுவரை வருவதெல்லாம் ஸ்டார்ட்டர் வகைக்கு.

கோட்பாடு எதுவும் வேண்டாம், இதை மட்டும் மனதில் வைத்தால் போதும்: சோக், ட்யூபின் ஒரு முனை, ஸ்டார்ட்டர், ட்யூபின் மறுமுனை, எல்லாம் ஒரே சரடில் கோத்த மணிகள். எங்கே அறுந்தாலும் மொத்தமும் இருட்டு.

## அறிகுறி 1: சுவிட்ச் போட்டால் அசைவே இல்லை

சிமிட்டல் இல்லை, முனையில் வெளிச்சம் இல்லை, சத்தமும் இல்லை.

கரண்ட் வருகிறதா? அதே அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். எம்.சி.பி. விழுந்திருப்பது தெரியாமல் பட்டியையே கழற்றிக் கீழே வைத்திருக்கிறேன்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். மெயினை இறக்கிவிட்டு, ட்யூபைக் கால் சுற்று திருப்பி, மறுபடி கொண்டுவந்து ஹோல்டரில் அமர்த்துங்கள். முனைகளில் உள்ள பின்கள் காலப்போக்கில் பாசி பிடித்ததுபோல் கறுத்திருக்கும். திருப்பும்போதே அந்த அழுக்கு உராய்ந்து போய்விடும். ட்யூபை முழுக்க வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் பின்களைத் துடைத்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது. இதிலேயே எரிந்துவிட்டால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். இடப்பக்கம் கால் சுற்று திருகினால் கையோடு வந்துவிடும். நன்றாக எரியும் வேறொரு ட்யூப்லைட்டின் ஸ்டார்ட்டரைக் கழற்றி இதில் போடுங்கள். புதிதாக வாங்கிப் போடுவதைவிட இது நம்பகம். புது ஸ்டார்ட்டரிலும் பெட்டியிலிருந்தே செத்து வருபவை உண்டு. ஓடிக்கொண்டிருந்தது பொய் சொல்லாது. மறக்காமல் சந்தேகத்துக்குரிய ஸ்டார்ட்டரை அந்த நல்ல பட்டியில் போட்டும் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே முடிவு வந்தால் குற்றவாளி சிக்கிவிட்டது.

ட்யூபை மாற்றிப் பாருங்கள். அதே முறைதான். சந்தேக ட்யூபை நல்ல பட்டிக்குக் கொண்டுபோங்கள். நல்ல ட்யூபைக் கெட்ட பட்டிக்குக் கொண்டுவர வேண்டாம்: சோக் ஷார்ட் ஆகியிருந்தால் நல்ல ட்யூபும் போய்விடும்.

மல்டிமீட்டர் இருந்தால் ட்யூபைக் கழற்றிக் கையில் வைத்தே பார்க்கலாம். ஓம் அளவில் வைத்து, ஒரு முனையில் உள்ள இரண்டு பின்களுக்கும் நடுவே அளவு எடுங்கள். சில ஓம்கள் காட்டினால் அந்த முனையின் இழை அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். மறுமுனைக்கும் அப்படியே. ஏதாவது ஒரு முனையில் மீட்டர் அசையவே இல்லை என்றால் ட்யூபின் ஆயுள் முடிந்தது. ஆனால் இரண்டு முனையும் சரியாகக் காட்டுவதால் மட்டும் ட்யூப் நல்லது என்று சொல்லிவிட முடியாது. இழைமேல் பூசியிருக்கும் பூச்சு தீர்ந்துபோயிருந்தால் மீட்டருக்குத் தெரியாது; அறிகுறி 2-இல் அது தெரியும்.

ஸ்டார்ட்டர் குழியில் வோல்ட் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரே தொடுதலில் பாதிப் பட்டியைச் சோதித்துவிடலாம். ஆனால் கரண்ட் இருக்கும்போது செய்வது. மல்டிமீட்டரைப் பிடித்துப் பழகாதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள். ட்யூபை மாட்டி, ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, சுவிட்சைப் போடுங்கள். ஏ.சி. வோல்ட் அளவில் வைத்து, ஸ்டார்ட்டர் குழியின் இரண்டு தகடுகளிலும் மீட்டர் முனைகளை வையுங்கள்.

- வீட்டுக்கு வரும் முழு வோல்ட்டும் காட்டுகிறதா? அப்படியானால் சோக் அறுந்துபோகவில்லை, ட்யூபின் இரு இழைகளும் அறுந்துபோகவில்லை, ஹோல்டர்களும் நியூட்ரலும் சரி. மிச்சம் ஸ்டார்ட்டர்தான். புது ஸ்டார்ட்டரிலும் எரியவில்லை என்றால் குழியின் தகடு விரிந்து போயிருக்கும். மெயினை இறக்கிவிட்டு அதை லேசாக உள்பக்கம் வளைத்து விடுங்கள்.
- ஒன்றும் காட்டவில்லையா? சரடு எங்கோ அறுந்திருக்கிறது. ட்யூப் இழைகளை முன்பே பார்த்துவிட்டீர்கள் என்றால் மிச்சம் ஹோல்டர், வயர், சோக்.

ஹோல்டர். ட்யூபின் இரு நுனிகளையும் தாங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் ஹோல்டர் வெயில் பட்டதுபோல் மஞ்சளாகி நொறுங்கும். உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துவிடும். ட்யூபை மெல்ல அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைந்தால் பழுது இங்கேதான். தகட்டை வளைத்துச் சரிசெய்வது ஒரு மாதம் தாங்கும். புது ஹோல்டர் போட்டுவிடுவதே உத்தமம்.

சோக். மெயினை இறக்கி, சோக்கிலிருந்து ஒரு வயரையாவது கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளிலும் ஓம் பாருங்கள். நான்கடி ட்யூபுக்கான இரும்புச் சோக்கில் சில பத்து ஓம்கள் காட்ட வேண்டும். மீட்டர் அசையவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட். ஒரு முனைக்கும் சோக்கின் இரும்பு உடலுக்கும் நடுவே எதுவுமே காட்டக்கூடாது. காட்டினால் அது வெறும் பழுதல்ல, ஷாக் அடிக்கும் ஆபத்து.

ஒரே பட்டியில் இரண்டடி ட்யூப்கள் இரண்டை ஒரே சோக்கில் கோத்திருந்தால், ஒன்று போனாலே இரண்டும் எரியாது. அதில் போடும் ஸ்டார்ட்டரும் வேறு: மேலே 4–22 வாட் என்று அச்சிட்டிருக்க வேண்டும். பொதுவான 4–65 வாட் ஸ்டார்ட்டரை அதில் போட்டால், ஸ்டார்ட்டர் நல்லதாகவே இருந்தாலும் எரியாது. இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டேன்.

## அறிகுறி 2: சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, எரியவில்லை

முதலில் சுவிட்சை அணையுங்கள். இப்படியே சிமிட்ட விட்டால், ஒவ்வொரு சிமிட்டலும் ட்யூபின் முனைப் பூச்சைத் தின்கிறது. நல்ல ட்யூபாக இருந்தாலும் சில நாட்களில் கெடும்.

எப்போது சிமிட்டுகிறது? மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு போடும் நேரத்தில் மட்டும் சிமிட்டி, நள்ளிரவில் சமர்த்தாக எரிந்தால் பழுது உங்கள் பட்டியில் இல்லை. வோல்டேஜ் இறங்குகிறது. 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்க இறங்க ஸ்டார்ட்டர் வகை ட்யூப்லைட் திணறும். எதை மாற்றினாலும் பயன் இல்லை. அந்த இடத்துக்குக் குறைந்த வோல்டேஜிலும் ஓடும் எலக்ட்ரானிக் சோக்கோ எல்.இ.டி.யோதான் சரி. குளிர் அதிகமான இடங்களில் விடியற்காலையில் மட்டும் சிமிட்டுவதும் இதே ரகம். பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்த ட்யூப்கள் எரிய அடம்பிடிக்கும்.

நாள் முழுக்கச் சிமிட்டுகிறதா? ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். அடங்கினால் முடிந்தது.

ஸ்டார்ட்டர் மாற்றியும் சிமிட்டுகிறதா? ட்யூபின் முனைகளைப் பாருங்கள். ஒரு முனையிலாவது மை தடவியதுபோல் கறுப்பு அடர்ந்திருந்தால் அந்த முனையில் பூச்சு தீர்ந்துவிட்டது. மீட்டரில் இழை நன்றாகக் காட்டும், ஆனாலும் எரியாது. ட்யூபை மாற்றியாக வேண்டும். அதோடு புது ஸ்டார்ட்டரையும் போட்டுவிடுங்கள்: செத்துக்கொண்டிருக்கும் ட்யூபோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டிய ஸ்டார்ட்டர் அதிக நாள் உழைக்காது.

இரண்டும் மாற்றியும் சிமிட்டுகிறதா? சோக்கின் மேல் எழுதியிருக்கும் வாட்டைப் பாருங்கள். 20 வாட் சோக்கில் நான்கடி ட்யூபை மாட்டியிருப்பார்கள். ஆனால் 36 வாட் ஒல்லி ட்யூபை 40 வாட் சோக்கில் தயங்காமல் போடலாம்; அந்த ட்யூப் அதற்கென்றே செய்யப்பட்டது.

## அறிகுறி 3: இரண்டு முனையும் சிவந்து ஒளிர்கிறது, நடுவில் இருட்டு

இதைவிட எளிதான பழுது கிடையாது. ஸ்டார்ட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது.

உறுதி செய்ய ஒரு வழி: முனைகள் ஒளிரும்போதே ஸ்டார்ட்டரின் பிளாஸ்டிக் உடலை மட்டும் பிடித்துத் திருகி எடுங்கள். பட்டென்று ட்யூப் முழுதாக எரியும். எரிந்தபின் ஸ்டார்ட்டர் தேவையே இல்லை, சுவிட்சை அணைக்கும்வரை எரிந்துகொண்டிருக்கும். வெளியே அலுமினியக் குப்பியாக இருக்கும் ஸ்டார்ட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு மாற்றுங்கள்.

முனைகள் மட்டும் ஒளிரும் நிலையில் இரவெல்லாம் விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. நான்கடி ட்யூப் எரியும்போது சுமார் 0.43 ஆம்பியர்தான் இழுக்கும். முனைகளைச் சூடேற்றும்போது அதைவிடக் கணிசமாக அதிகம். ஒரு நொடி நேரத்துக்கான வேலையை எட்டு மணி நேரம் செய்தால் சோக் வெந்துவிடும். ஸ்டார்ட்டரை மாற்றச் சோம்பல்பட்டு சோக்குக்கும் சேர்த்துச் செலவழித்தவர்கள் உண்டு.

பழைய ஆட்கள் இந்த ஸ்டார்ட்டரின் குப்பியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னக் கப்பாசிட்டரை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டுவார்கள். பல சமயம் வேலை செய்யும். பக்கத்து ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் வரும். பட்டியிலேயே மலிவான பாகத்துக்கு இவ்வளவு வைத்தியம் தேவையில்லை.

## அறிகுறி 4: ஒரு முனை மட்டும் மங்கல், அல்லது ஒரு முனை மட்டும் ஒளிர்கிறது

ட்யூபைக் கழற்றி, இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். இருட்டு முனை ட்யூபோடு சேர்ந்து மறுபக்கம் போய்விட்டால் பழுது ட்யூபில். பட்டியின் அதே பக்கத்திலேயே இருட்டு நின்றுவிட்டால் அந்தப் பக்கத்து ஹோல்டரிலோ அதன் வயரிலோ. இரண்டு நிமிட வேலை, ஒரு ட்யூப் மிச்சம்.

முனை கறுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முனையிலிருந்து கொஞ்சம் தள்ளிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் இருப்பது சகஜம். நன்றாக எரிகிற ட்யூபை அதற்காக மாற்ற வேண்டாம். நுனியை ஒட்டியே அடர்கறுப்பு பரவினால்தான் முடிவு நெருங்குகிறது. போட்டு ஓரிரு மாதத்திலேயே அப்படிக் கறுத்தால் ட்யூபைத் திட்டாமல் ஸ்டார்ட்டரையும் சோக்கையும் பாருங்கள். அடிக்கடி போட்டு அணைக்கும் குளியலறை, மாடிப்படி போன்ற இடங்களில் எந்த ட்யூபும் சீக்கிரம்தான் கறுக்கும்.

## அறிகுறி 5: எரிகிறது, ஆனால் உள்ளே பாம்பு நெளிகிறது

வெளிச்சம் கயிறு திரிவதுபோல் ட்யூபுக்குள் சுழலும். புது ட்யூபாக இருந்தால் கவலை வேண்டாம். சில மணி நேரம் தொடர்ந்து எரிய விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒருமுறை அணைத்துப் போட்டாலும் நிற்பதுண்டு. நேரே ட்யூபின்மேல் ஏ.சி. காற்று வீசினாலும் நெளியும். பழைய ட்யூபில் திடீரென ஆரம்பித்தால், முனையும் கறுத்திருந்தால், ட்யூப் முடிவுக்கு வருகிறது.

கண்ணை உறுத்தும்படி விடாமல் நடுங்கினால் ஹோல்டர், ஸ்டார்ட்டர் குழி, சுவிட்ச் என்று எங்கோ லூஸ் காண்டாக்ட். பட்டறையில், நடுக்கமே கண்ணுக்குத் தெரியாத ட்யூபிலும் கவனம் வேண்டும். இரும்புச் சோக்கில் எரியும் ட்யூபின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குவதால், ஓடுகிற கடைசல் இயந்திரம்கூடச் சில வேகங்களில் நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரியும்.

## அறிகுறி 6: வெளிச்சம் மங்கிவிட்டது

துடையுங்கள். மெயினை இறக்கி, ட்யூபைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, பின்கள் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சமையலறை ட்யூபில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறி எவ்வளவு வெளிச்சத்தைத் தின்றிருக்கின்றன என்பது துடைத்த பிறகே தெரியும்.

துடைத்தும் மங்கலென்றால் வயது. வெளிச்சம் ரோஜா நிறமாக மாறி மங்கினால் உள்ளே உள்ள பாதரசம் தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

## அறிகுறி 7: உர்ரென்ற இரைச்சல்

இரும்புச் சோக் லேசாக முனகும். அது அதன் இயல்பு. இரவில் தூக்கம் கெடும் அளவு இரைந்தால், பட்டியைக் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் சோக்கைப் பட்டியோடு பிணைக்கும் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது தகர மூடி அதிர்கிறது. மெயினை இறக்கிவிட்டு முறுக்குங்கள். அழுத்தியும் மாறவில்லை என்றால் சோக்கின் உள்ளே அடுக்கியிருக்கும் தகடுகள் தளர்ந்துவிட்டன. அதற்கு வைத்தியம் கிடையாது, வேறு சோக் போட வேண்டும்.

இரைச்சலோடு கருகல் வாடையும் சேர்ந்தால், அல்லது சோக்கிலிருந்து தார் போலக் கறுப்பாக உருகி வழிந்தால், இனி ஒருமுறைகூட அந்த விளக்கைப் போட வேண்டாம்.

## அறிகுறி 8: புது ட்யூப் போட்டதும் பளீரென மின்னிச் செத்தது

சோக் ஷார்ட் ஆகிவிட்டது, அல்லது யாரோ வயரிங்கில் சோக்கைத் தாண்டிக் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள். ட்யூபுக்குப் போகும் கரண்டைக் கட்டுக்குள் வைப்பது சோக்தான். அது இல்லையென்றால் கரண்ட் கட்டுக்கடங்காமல் பாய்ந்து நொடியில் இழையைப் பொசுக்கிவிடும். இன்னொரு ட்யூபும் அதே கதிதான். நான் தூக்கி எறிந்த இரண்டு ட்யூப்களில் ஒன்று இப்படிப் போனதுதான். பட்டியை முதலிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மெயினை இறக்கி, அறிகுறி 1-இல் சொன்னபடி சோக்கின் ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சோக்கை மாற்றுங்கள். சோக் சரியாகக் காட்டினால் வயரிங் கோளாறு. சுருளில் ஓரிரு சுற்றுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் மீட்டரில் பிடிபடாது என்பதையும் நினைவில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய சோக்கை நம்பாதீர்கள்.

## அறிகுறி 9: சுவிட்ச் போட்டதும் எம்.சி.பி. விழுகிறது

இதில் நீங்களே செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. ட்யூபையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் பழுது பட்டியின் வயரில், சோக்கில் அல்லது கப்பாசிட்டரில். வயர் பட்டியின் கூரான தகர விளிம்பில் நசுங்கி உரிந்திருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்ப எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டுப் பார்ப்பது சோதனை அல்ல. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மிகப் பழைய பட்டியில் கப்பாசிட்டர் உப்பியோ எண்ணெய் கசிந்தோ இருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். 1970-கள் வரை கப்பாசிட்டர்களில் பி.சி.பி. என்னும் நச்சு எண்ணெய் பரவலாகப் பயன்பட்டது.

## அறிகுறி 10: அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்கிறது

அணைத்ததும் சிறிது நேரம் வெளிறிய ஒளி தங்கி மறைவது உள்ளே பூசிய பொடியின் குணம். விடிய விடிய ஒளிர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியே கசியும் கரண்ட் காரணமாகலாம். இல்லையென்றால் பெரும்பாலும் சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறது, ஃபேஸ் பட்டியிலேயே நிற்கிறது. சுவிட்சை அணைத்த நிலையில், பட்டிக்கு வரும் வயர் முனையில் டெஸ்டர் ஒளிர்கிறதா என்று பார்த்தால் தெரியும். விளக்குக்கு இதனால் கெடுதல் இல்லை. ட்யூப் மாற்ற ஏறுகிறவருக்குத்தான் ஆபத்து. சுவிட்ச் பெட்டியில் வயரை மாற்றிக் கொடுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

## எலக்ட்ரானிக் சோக் இருந்தால்

இங்கே சந்தேகப்படுவதற்கு இரண்டே பேர்: ட்யூப், சோக். ட்யூபை வேறு பட்டியில் போட்டுப் பாருங்கள். அங்கே எரிந்தால் சோக் போய்விட்டது. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே மேல்பக்கம் உப்பிய கப்பாசிட்டரோ கருகிய டிரான்சிஸ்டரோ தெரியும். சால்டரிங் பழகியவர்கள் மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் முழுசாகப் புதிது போடுவது நல்லது.

முனை கறுத்த ட்யூபை இதில் வைத்து இழுத்தடிக்காதீர்கள். சிமிட்டினால் அன்றே மாற்றுங்கள், இல்லையென்றால் சோக்கையும் கூட்டிக்கொண்டு போகும். இதன் வெளிவயர்களில் டெஸ்டர் வைக்கவும் கூடாது. நொடிக்குப் பல ஆயிரம் அதிர்வில் ஓடும் உயர் வோல்ட் அது. தொட்டால் தோலைச் சுட்டுவிடும்.

இரும்புச் சோக்கைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் சோக் போடும்போது ஸ்டார்ட்டரை மட்டுமல்ல, ஸ்டார்ட்டர் குழிக்குப் போகும் வயர்களையும் எடுத்துவிடுங்கள். வயர் நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சோக்கின் மேல் ஒட்டியிருக்கும் படத்தை மட்டும் நம்புங்கள், என் நினைவையோ உங்கள் நினைவையோ வேண்டாம்.

## சரிசெய்வதா, எல்.இ.டி.க்கு மாறுவதா?

ஸ்டார்ட்டரோ ஹோல்டரோ என்றால் சரிசெய்யுங்கள். சோக்கும் ட்யூபும் ஒருசேரப் போயிருந்தால் எல்.இ.டி.க்கு மாறுவதே புத்திசாலித்தனம். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-இல் கூடி, பொது வெளிச்சத்துக்கான நீள ட்யூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்திவிடுவதென முடிவு செய்திருக்கின்றன. பாகங்கள் இனி எளிதில் கிடைக்காது.

பழைய பட்டியிலேயே மாட்டும் எல்.இ.டி. ட்யூபில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சில வகைகளோடு ஸ்டார்ட்டர் போலவே தோன்றும் ஒரு குப்பி வரும். பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு அதைப் போட வேண்டும், இரும்புச் சோக் இருக்கலாம். வேறு சில வகைகளுக்குச் சோக்கைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு முனையில் மட்டும் ஃபேஸும் நியூட்ரலும் வாங்குபவை உண்டு, இரு முனையிலும் ஒவ்வொன்று வாங்குபவையும் உண்டு. அட்டையில் உள்ள படத்தைப் பார்க்காமல் மாட்டினால் எம்.சி.பி. விழும். நேரடி வயரிங்குக்கு மாற்றிய பட்டியில் பின்னாளில் யாரும் பழைய ட்யூபை மாட்டிவிடாதபடி பட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

## ட்யூப் உடைந்துவிட்டால்

உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பதற்றம் வேண்டாம், துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் வேண்டாம். அவை பொடியையும் ஆவியையும் அறை முழுக்கப் பரப்பும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, குழந்தைகளோடு வெளியே வந்து, ஒரு கால் மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, மிச்சப் பொடியை ஒட்டுநாடாவாலும் ஈரத் துணியாலும் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். உடையாத பழைய ட்யூபையும் சாதாரணக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

## எலக்ட்ரீஷியனை எப்போது கூப்பிடுவது

பட்டியின் தகரத்தைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது, எம்.சி.பி. விழுகிறது, கருகல் வாடை, உருகிய வயர், சோக்கின் உடலில் கரண்ட், ஒரே அறையில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகள் சேர்ந்து மக்கர் செய்கின்றன. இவற்றில் எது இருந்தாலும் ஸ்டார்ட்டர் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மெயினை இறக்கிவிட்டுக் கூப்பிடுங்கள்.

வருகிறவரிடம் "லைட் எரியல" என்று மட்டும் சொன்னால் அவரும் ட்யூபிலிருந்துதான் ஆரம்பிப்பார். "ஸ்டார்ட்டர் மாற்றியாச்சு, ட்யூப் வேற பட்டியில எரியுது, ஸ்டார்ட்டர் குழியில வோல்ட் வரல" என்று சொல்லுங்கள். அவர் நேராகச் சோக்குக்கும் ஹோல்டருக்கும் போய்விடுவார்.